இன்னொரு தடவை!

விடியற்காலை 5½ மணி. பால்காரர் சைக்கிள் மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் ஒரு குரல் எழும்பும்.

"ச... ரி... க... ம... ப... த... நி... ச..."

மளிகைக் கடை அண்ணாச்சியின் மகள் பாடுகிறாள். வயது 9. பாட்டு வகுப்பில் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. 3 மாதமாக இதே சத்தம்தான். ஏறுகிறாள்; இறங்குகிறாள்; மறுபடியும் ஏறுகிறாள். எதிர் வீட்டுத் தாத்தா காதில் பஞ்சு வைத்துக் கொண்டு விட்டார். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பையன் ஜன்னலைச் சாத்திக் கொள்கிறான்.

ஒரு நாள் அண்ணாச்சிக்கே பொறுமை போய் விட்டது.

"மூணு மாசமா 'ச ரி க ம'! ஒரு பாட்டு உண்டா, ஒரு கீர்த்தனை உண்டா? பீஸ் வாங்குறதுக்காக அந்த டீச்சர் இழுக்கிறாங்க. செல்போனைத் திறந்தா 30 நாளில் பாடகி ஆகலாம்னு ஒருத்தர் சொல்லித் தர்றார். இந்த மாசத்தோட நிறுத்திடலாம்" என்றார்.

"ஏங்க, பிள்ளை ஆசையாப் பாடுறா" என்றார் அவர் மனைவி.

"ஆசையாப் பாடுறாளா? ஒண்ணையே பாடுறா!"

சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் குரல் கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. பயந்து கொண்டு பாடுகிறாள் என்று தெரிந்தது.

அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பாட்டுக்கோ, சிலம்பத்துக்கோ, கராத்தேக்கோ அனுப்பும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் எழத்தான் செய்கிறது. எதற்காக ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார்கள்? அதனால் உண்மையிலேயே வித்தை வருமா? அல்லது காலம்தான் போகுமா?

பொட்டலம்

பாட்டு டீச்சர் ஒரு நாள் மாலை அண்ணாச்சி கடைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே நின்று கொண்டிருந்தேன்.

"கால் கிலோ சர்க்கரை கொடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி சர்க்கரையை நிறுத்தார். பழைய பேப்பரை உருட்டிக் கூம்பு ஆக்கினார். கொட்டினார். மடித்தார். மேலே தொங்கிய உருண்டையில் இருந்து நூலை இழுத்து, 4 சுற்று சுற்றி, வெடுக்கென்று அறுத்தார். இத்தனையும் நடக்கும்போது அவர் கண் பொட்டலத்தில் இல்லை. தெருவில் போகும் லாரியைப் பார்த்து, அதன் டிரைவரிடம் ஏதோ சொல்லிக் கொண்டிருந்தார்!

டீச்சர் சிரித்தார். "முதல் முதலா எப்போ பொட்டலம் கட்டினீங்க?"

"எனக்கு 11 வயசு டீச்சரம்மா. அப்பா கடை. கட்டுற பொட்டலம் எல்லாம் வீட்டுக்குப் போறதுக்குள்ளே அவிழ்ந்திடும். ஜனங்க திட்டுவாங்க. அப்பா என்னை மூலையிலே உட்கார வச்சார். ஒரு படி கல் உப்பு. கட்டு; பிரி; மறுபடியும் கட்டு. இதுதான் வேலை."

"எத்தனை நாள்?"

"நாளா? சித்திரையிலே உட்கார்ந்தேன். ஆடி வரைக்கும் உப்புதான். சர்க்கரையைத் தொட விடல்லே."

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தைப் பையில் போட்டுக் கொண்டார். அண்ணாச்சிக்குப் புரிந்து விட்டது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை. "அது வியாபாரம் டீச்சரம்மா. பாட்டு அப்படியா?" என்றார்.

பாட்டும் அப்படித்தானா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரே நேரத்தில் 3 வேலை

கர்நாடக சங்கீதம் படிக்கிறவர்கள் முதலில் பாடுவது சரளி வரிசை. அடுத்து ஜண்டை வரிசை. பிறகு அலங்காரம். இந்தப் பாட முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் காலம் 1484 முதல் 1564 வரை. அதாவது, அண்ணாச்சிக்குக் கோபமூட்டிய அந்தப் பாடத்துக்குச் சுமார் 500 வயது ஆகிறது!

இந்தப் பாடங்களை மாயாமாளவகௌளை என்ற ராகத்தில் பாடுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓர் ஆர்மோனியப் பெட்டியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். 'ச'வும் 'ரி'யும் ஒட்டிய கட்டைகள். 'ரி'யில் இருந்து 'க'வுக்குப் போக நடுவில் 2 கட்டைகளைத் தாண்ட வேண்டும். 'க'வும் 'ம'வும் மறுபடியும் ஒட்டியவை. பிறகு 'ப, த, நி, ச' நான்கும் 'ச, ரி, க, ம' போலவே அமைந்திருக்கும். ஒட்டி நடக்கவும், தாண்டிக் குதிக்கவும் பழக இதை விட வசதியான ஏணி கிடையாது. கீழ்ப் பாதியைப் பாடியவனுக்கு மேல் பாதி பாதி தெரிந்த மாதிரி.

இப்போது அந்த 9 வயதுச் சிறுமி என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். அவள் குரல் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். இது ஒரு வேலை. காது, பின்னால் ஒலிக்கும் சுருதியோடு குரல் சேருகிறதா என்று கேட்டுக் கொண்டே இருக்க வேண்டும். இது இரண்டாவது வேலை. கை ஆதி தாளம் போட வேண்டும். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆக 8 எண்ணிக்கை. இது மூன்றாவது வேலை.

முதல் வாரத்தில் மூன்றும் சேர்ந்து வராது. விரலை எண்ணினால் சுருதி போய் விடும். சுருதியைப் பிடித்தால் கை நின்று விடும். குழந்தை திணறும். சில வாரம் போனதும் கை தானாகத் தாளம் போடத் தொடங்கும். எண்ணும் வேலையில் இருந்து மனசு விடுதலை அடையும். அப்போதுதான் காது நிம்மதியாகக் குரலைக் கேட்கும். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அதே 'ச ரி க ம'தான். உள்ளே நடப்பது வேறு.

அதன் பிறகு டீச்சர் வேகத்தைக் கூட்டுவார். முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் 2. மூன்றாம் காலத்தில் 4. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கையின் வேகம் மாறவே கூடாது! பாட்டு மட்டும் இரட்டிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? இந்தப் பத்திரிகையை மடித்து வைத்து விட்டு ஒரு தடவை செய்து பாருங்கள்.

மூளையில் ஒற்றையடிப் பாதை

கை எப்படித் 'தானாக'ப் போடுகிறது? கைக்கு ஏது மூளை?

வயலில் ஒரே வழியாகத் தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுகிறது. மூளையிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அதில் ஈடுபடும் நரம்பு அணுக்களுக்கு இடையே உள்ள இணைப்பு பலப்படுகிறது. தொடக்கத்தில் நாம் யோசித்து யோசித்துச் செய்கிறோம். பழகப் பழக அந்தப் பொறுப்பை மூளையின் ஆழத்தில் உள்ள நரம்புத் திரள்களும், பின்புறம் உள்ள சிறுமூளையும் பெரும்பாலும் ஏற்றுக் கொள்கின்றன. அண்ணாச்சி லாரி டிரைவரோடு பேசிக் கொண்டே பொட்டலம் கட்டியது அப்படித்தான்.

இது வெறும் பேச்சல்ல. 1995-ம் ஆண்டில் ஜெர்மனியில் வயலின் போன்ற தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையைச் சோதித்தார்கள். அவர்கள் தந்தியை அழுத்துவது இடது கை விரல்களால். அந்த விரல்களின் தொடுவுணர்ச்சிக்காக மூளையில் ஒதுக்கப்பட்ட இடம், வாசிக்காதவர்களுக்கு இருப்பதை விடப் பெரிதாக இருந்தது! சிறு வயதிலேயே வாசிக்கத் தொடங்கியவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பயிற்சியில் முன்னேற்றம் தினமும் ஒரே அளவில் வருவதில்லை.

தந்தி ஆபீசில் 'கட்டு கட கட்டு கட' என்று சத்தம் கேட்ட காலம் பலருக்கு நினைவு இருக்கும். 2013-ம் ஆண்டு ஜூலையோடு நம் நாட்டில் தந்தி சேவை முடிந்து போயிற்று. அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற 2 பேர், தந்தி அடிக்கக் கற்கிறவர்களை வாரா வாரம் சோதித்து, 1897-லும் 1899-லும் கட்டுரை எழுதினார்கள். வரும் தந்தியைக் கேட்டு எழுதுவதில் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். கற்பவரின் வேகம் கொஞ்ச நாள் ஏறும். பிறகு வாரக் கணக்கில் அதே இடத்தில் நின்று விடும். எவ்வளவு முயன்றாலும் நகராது. 'இனி வராது' என்று நினைக்கும் வேளையில் திடீரென்று மறுபடியும் ஏறும்!

நின்ற நாட்கள் எல்லாம் வீணா? இல்லை என்றார்கள் அவர்கள். அதுவரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டவர், அந்த நாட்களில் முழு வார்த்தையாகக் கேட்கப் பழகிக் கொண்டிருக்கிறார். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளை வகுப்பில் இருந்து நிறுத்துவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான் என்பது என் எண்ணம்.

இரவு எங்கே போகிறான்?

இனி ஜப்பானுக்குப் போவோம். அங்கே தெற்கே ஒகினாவா என்று ஒரு தீவு. கராத்தே பிறந்த மண் அது.

1868-ம் ஆண்டில் அங்கே பிறந்தவர் கிசின் பூனகோஷி. சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த ஒரு பையனின் தந்தை கராத்தே வீரர். பெயர் ஆசாட்டோ. அவரிடம் பூனகோஷி வித்தை கற்கப் போனார். அந்தக் காலத்தில் அங்கே கராத்தேயைப் பகிரங்கமாகச் சொல்லிக் கொடுப்பது இல்லை. எல்லாம் இரகசியம். ஆகவே பாடம் இரவில்தான் நடக்கும்.

பூனகோஷி வளர்ந்து பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். பகலெல்லாம் பள்ளிக்கூடம். இரவானதும் கையில் விளக்குடன் குருவின் வீட்டுக்கு நடப்பார். வீட்டுக் கொல்லைப்புறத்தில் சீடர் அடிமுறையைச் செய்து காட்ட வேண்டும். குரு நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பார். அவர் வாயில் இருந்து வருவது பெரும்பாலும் ஒரே சொல்:

"இன்னொரு தடவை!"

சில சமயம், "இன்னும் கொஞ்சம்!"

வியர்வை ஆறாக ஓடும். குரு திருப்தி அடைந்தால் "நன்று" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. ஓர் அடிமுறை முழுவதும் கைக்கு வராமல் அடுத்ததைத் தொடவே விட மாட்டார். ஒன்றையே நாள் கணக்கில், வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் செய்ய வேண்டும். விடியும் வேளையில் பூனகோஷி வீடு திரும்புவார்.

இதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்கள் தெரியுமா? 'பள்ளிக்கூட வாத்தியார் இரவெல்லாம் எங்கே போய் வருகிறார்? கெட்ட சகவாசம் போலிருக்கிறது!' என்று பேசிக் கொண்டார்களாம்!

கராத்தேயில் 'டெக்கி' என்று 3 அடிமுறைகள் உண்டு. குதிரை மேல் உட்கார்ந்தது போல் கால்களை அகட்டி நின்று, ஒரே கோட்டில் பக்கவாட்டில் நகர்ந்து செய்வது. பார்த்தால் பெரிய வேலையாகத் தெரியாது. அந்த மூன்றைக் கற்கத் தமக்கு 10 ஆண்டு ஆயிற்று என்று பூனகோஷியே எழுதி இருக்கிறார். 1922-ம் ஆண்டில் அவர் டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்து காட்டினார். அதன் பிறகே ஜப்பான் முழுவதும் அது பரவியது. அப்போது அவருக்கு வயது 50-ஐத் தாண்டி விட்டது. 1957-ல் காலமானார்.

கம்புக்கு முன் கால்

நம் ஊர்ச் சிலம்பத்திலும் இதே கதைதான். கம்பைச் சுழற்ற ஆசையோடு வரும் பையனிடம் ஆசான் உடனே சண்டை சொல்லிக் கொடுப்பதில்லை. முதலில் காலடி. எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே, எப்படித் திரும்புவது, எப்படி விலகுவது? மண்ணில் நின்று அதையே மிதிக்க வேண்டும். பையனுக்கு அலுத்துப் போகும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பொருள் நம்மை நோக்கி வருவதைக் கண் பார்த்து, கை அசையத் தொடங்கவே ஒரு நொடியில் சுமார் கால் பங்கு ஆகும். 'இடது பக்கம் விலகலாமா, வலது பக்கம் விலகலாமா?' என்று யோசித்தால் இன்னும் கூடும். அதற்குள் எதிராளியின் கம்பு தோளில் விழுந்து விடும்! யோசிக்க நேரம் இல்லாத இடத்தில் காலுக்கே வழி தெரிந்திருக்க வேண்டும். அந்த வழியைத்தான் ஆசான் மண்ணில் போட்டுக் கொடுக்கிறார்.

ஆனால் ஒன்று. காலடி மட்டும் போட்டுக் கொண்டிருந்தால் சண்டை வந்து விடாது. எதிரே ஓர் ஆள் கம்போடு நிற்க வேண்டும். அவன் நாம் நினைத்த இடத்தில் அடிக்க மாட்டான். தனியே பழகியதை அவனோடும் பழக வேண்டும். பாட்டிலும் அப்படியே. சரளி வரிசையிலேயே 10 வருடம் ஒரு குழந்தையை நிறுத்தி வைத்தால் அது வித்தை அல்ல, தண்டனை.

வளையல் வாங்கிப் போட்டுக்கொள்!

சித்தார் மேதை ரவிசங்கரின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இளம் வயதில் அவர் நடனக்காரர். அண்ணன் உதயசங்கரின் குழுவோடு ஐரோப்பாவை எல்லாம் சுற்றியவர். பட்டுச் சட்டை, பெரிய ஓட்டல், கைதட்டல். 1938-ம் ஆண்டில், 18 வயதில், எல்லாவற்றையும் உதறி விட்டு மைகார் என்ற சிற்றூரில் இருந்த அலாவுதீன் கானிடம் போய்ச் சேர்ந்தார். சிறிய அறை, கயிற்றுக் கட்டில், பூச்சிக்கடி. மறுபடியும் அடிப்படைப் பயிற்சி.

அலாவுதீன் கான் பெரிய கோபக்காரர். ஒரு நாள் ஒரு பயிற்சி ரவிசங்கருக்குச் சரியாக வரவில்லை. மணிக்கட்டில் பலம் இல்லை. போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்று குரு ஏசி விட்டார். ரவிசங்கருக்கு ரோஷம் வந்து விட்டது. மூட்டையைக் கட்டி ரெயிலேறக் கிளம்பி விட்டார்! குருவின் மகன் அலி அக்பர் கான்தான் சமாதானம் செய்து நிறுத்தினார். அன்று அந்த ரெயில் அவரை ஏற்றிக் கொண்டு போயிருந்தால் உலகம் ஒரு சித்தாரை இழந்திருக்கும்.

(வளையலைப் பற்றிக் குரு அப்படிச் சொல்லி இருக்க வேண்டியதில்லை. அவருடைய சொந்த மகள் அன்னபூர்ணா தேவி சுர்பகார் என்ற பெரிய வாத்தியத்தில் மேதை! வளையல் போட்ட மணிக்கட்டின் பலம் அவருக்குத் தெரியாதா?)

என் மோதிர விரல்

இனி என் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு 12 வயதில் மிருதங்கம் கற்றுக் கொடுத்தார்கள். முதல் பாடம், 'தா, தி, தொம், நம்'. இதில் 'நம்' என்ற சொல்லுக்கு வலது கை மோதிர விரல், நடுவில் உள்ள கரும்பொட்டின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் மணி அடித்தது போல நாதம் எழும்பும்.

வாத்தியார் ஒரு வேலையாக வெளியூர் போனார். திரும்ப 4 மாதம் ஆகும் என்றார். "மெதுவாகவே அடி. வேகம் வேண்டாம்" என்று சொல்லி விட்டுப் போனார். நான் கேட்டேனா? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டும் என்று ஆசை. தினமும் 2 மணி நேரம் வேக வேகமாக அடித்தேன். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. தெரு முழுவதும் கேட்டது.

வாத்தியார் வந்தார். கண்ணை மூடிக் கொண்டு கேட்டார். "இப்போ மெதுவா அடி" என்றார். அடித்தேன். எனக்கே கேட்டது. 'நம்' என்று வரவில்லை. 'டக்' என்று வந்தது! மோதிர விரல் தோலை அழுத்திக் கொண்டிருந்தது. வேகத்தில் அது தெரியவில்லை.

"நாலு மாசம் சும்மா இருந்திருந்தா நாளைக்கே சொல்லிக் கொடுத்திருப்பேன். இப்போ முதலில் மறக்க வைக்கணும்" என்றார் வாத்தியார்.

அவர் முயன்றார். எனக்குத்தான் பொறுமை இல்லை. விட்டு விட்டேன். இன்றைக்கும் ரேடியோவில் பாட்டுக் கேட்டால் மேஜையில் விரல் தாளம் போடும். பார்த்தால் மோதிர விரல் அழுத்திக் கொண்டிருக்கும். அவ்வளவு நன்றாக அதைக் கற்றுக் கொண்டு விட்டேன்!

மூளைக்கு நல்லது கெட்டது தெரியாது. திரும்பத் திரும்ப எதைக் கொடுக்கிறோமோ அதை வைத்துக் கொள்கிறது. ஆசாட்டோ சொன்ன 'இன்னொரு தடவை'க்கும், நான் எனக்கே சொல்லிக் கொண்ட 'இன்னொரு தடவை'க்கும் வித்தியாசம் அதுதான். அங்கே ஒருவர் பார்த்துக் கொண்டிருந்தார். இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எத்தனை மணி நேரம்?

'10 ஆயிரம் மணி நேரம் பழகினால் யாரும் மேதை ஆகலாம்' என்று ஒரு பேச்சு உலாவுகிறது. அதன் மூலம் என்ன?

1993-ம் ஆண்டில் எரிக்சன் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பெர்லின் நகரச் சங்கீதக் கல்லூரியில் வயலின் படித்த மாணவர்களை 3 பிரிவாகப் பிரித்தார்கள். மிகச் சிறந்தவர்கள், நன்றாக வாசிப்பவர்கள், பள்ளிக்கூடப் பாட்டு ஆசிரியர் வேலைக்குப் படிப்பவர்கள். 18 வயதுக்குள் தனியே உட்கார்ந்து எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார்கள் என்று கணக்குப் போட்டார்கள். முதல் பிரிவினர் சராசரியாக 7 ஆயிரத்து 410 மணி. இரண்டாவது பிரிவினர் 5 ஆயிரத்து 301. மூன்றாவது பிரிவினர் 3 ஆயிரத்து 420.

பயிற்சி அதிகம் உள்ளவர்கள் முன்னே நிற்கிறார்கள். சந்தேகம் இல்லை. ஆனால் 'யாரும் மேதை ஆகலாம்' என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. 2014-ம் ஆண்டில் இத்தகைய பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சங்கீதத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள திறமை வித்தியாசத்தில் 100-க்கு 21 பங்கைத்தான் பயிற்சி நேரத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. மீதிக்கு வேறு பல காரணங்கள். ஆகவே, பக்கத்து வீட்டுப் பெண் 6 மாதத்தில் கீர்த்தனை பாடினால், உங்கள் மகளுக்கு 9 மாதம் ஆகலாம். அதற்காக அவளைத் திட்டினால் அந்த 9 மாதம் 12 மாதம் ஆகும்.

பெர்லின் கணக்கில் யாரும் அதிகம் பேசாத ஒரு செய்தி உண்டு. நன்றாக வாசித்த 2 பிரிவினரும், மூன்றாவது பிரிவினரை விட அதிக நேரம் தூங்கினார்கள்! வாரத்துக்கு 60 மணி நேரம். மற்றவர்கள் சுமார் 54½ மணி நேரம். பகலில் குட்டித் தூக்கமும் போட்டார்கள்.

சோம்பேறித்தனமா? இல்லை. 2002-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 4 பொத்தான்களை ஒரு வரிசைப்படி இடது கை விரல்களால் வேகமாக அழுத்தக் கற்றுக் கொடுத்தார்கள். பிறகு இரவு தூங்கச் சொன்னார்கள். காலையில் மறுபடியும் சோதித்தால், நடுவில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே, வேகம் சுமார் 100-க்கு 20 பங்கு கூடி இருந்தது! பகல் முழுவதும் விழித்திருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. பகலில் கற்றதை மூளை இரவில் அடுக்கி வைக்கிறது.

அளவு மீறினால் என்ன ஆகும்? அமெரிக்கப் பியானோ வித்வான் லியோன் பிளெய்ஷர் புகழின் உச்சியில் இருந்தார். 1964-ல் அவருடைய வலது கையின் 2 விரல்கள் தாமாகவே மடங்கிக் கொள்ளத் தொடங்கின. நிமிர்த்த முடியவில்லை. வயது 36. மூளை கைக்கு அனுப்பும் கட்டளையில் ஏற்படும் கோளாறு அது. அளவுக்கு மீறிய பயிற்சியும் ஒரு காரணம் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். 30 ஆண்டு காலம் இடது கையால் மட்டுமே வாசித்தார். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு சிகிச்சையால் இரண்டு கைகளாலும் வாசிக்க முடிந்தது. 2020-ல் காலமானார்.

ஆகையால், பிள்ளைக்கு விரல் வலித்தாலோ, தொண்டை கட்டினாலோ, அன்று நிறுத்தி விடுங்கள். வலியோடு பழகினால் அந்த வலியையும் உடம்பு கற்றுக் கொள்ளும். சிறு குழந்தைக்கு ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தை விட, காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம் மேல். தப்பு வரும் இடத்தில் முழுப் பாட்டையும் திரும்பப் பாடாமல், அந்த இரண்டு மூன்று சுரத்தை மட்டும் எடுத்து, எறும்பு ஊர்வது போல மெதுவாகப் பாடட்டும். கேட்க நீங்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்குச் சங்கீதம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அண்ணாச்சியின் தாளம்

மாதக் கடைசி வந்தது. அண்ணாச்சி டீச்சரிடம் பீஸ் கொடுத்து விட்டு, "இத்தோட போதும்னு நினைக்கிறேன் டீச்சரம்மா" என்றார்.

டீச்சர் கோபிக்கவில்லை. "சரி அண்ணாச்சி. நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள். நாளைக் காலையிலே பிள்ளை பாடும்போது 10 நிமிஷம் நீங்க பக்கத்திலே உட்கார்ந்து தாளம் மட்டும் போடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

மறுநாள் காலை நான் வாசலில் நின்று கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

முதல் காலம் நன்றாகப் போயிற்று. அண்ணாச்சியின் தட்டு 'பட் பட்' என்று தெருவுக்கே கேட்டது. இரண்டாம் காலம் தொடங்கியது. மகள் இரட்டித்துப் பாடினாள். அப்பா கையும் கூடவே ஓடியது. பாட்டு நின்றது.

"அப்பா, கை ஓடுது. நான்தான் வேகமாப் பாடணும். உங்க கை அப்படியே இருக்கணும்."

"சரி, சரி. பாடு."

மறுபடியும் ஓடியது.

"அப்பா, மோதிர விரலை விட்டுட்டீங்க."

உள்ளே அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக் கொண்டார். தராசைப் பிடித்த கை அது. கண்ணை மூடிக் கொண்டு பொட்டலம் கட்டும் கை. 8 எண்ணிக்கையில் தடுமாறிக் கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தச் சிறுமியின் குரல், பயம் இல்லாமல், தெளிவாகக் கேட்டது:

"பரவாயில்லைப்பா. இன்னொரு தடவை!"

அன்று மளிகைக் கடை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தது.